ஆடாத பிளாக்கை நம்பலாமா? முழங்கால் மாற்று அறுவை சிகிச்சையில் தனியளவுக் கருவியின் துல்லியம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி

64 வயதுப் பெண். வலது முழங்கால் வலியோடு ஆறேழு ஆண்டுகளை எப்படியோ ஓட்டிவிட்டார். கடைசி ஓராண்டில் இரவுத் தூக்கமும் போயிற்று. படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. வலி மாத்திரை, தொடைத் தசைப் பயிற்சி, மூட்டுக்குள் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இதுவரை எங்கள் புறநோயாளிப் பிரிவில் அன்றாடம் கேட்கும் கதைதான். அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது தொடையின் வெளிப்பக்கத்தில் நீளமாக ஓடிய ஒரு பழைய தழும்பு. 28 ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை விபத்தில் வலது தொடை எலும்பு நடுப்பகுதியில் முறிந்து, தகடும் திருகாணிகளும் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். எலும்பு கூடியது, நேராகக் கூடவில்லை. தகடு இன்னும் உள்ளேயே இருந்தது.

அவருடைய ஒப்புதலோடும், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியும் இதை எழுதுகிறேன். தனியளவுக் கருவியை, அதாவது அவருடைய எலும்புக்கென்றே அச்சிட்ட வெட்டு வழிகாட்டி பிளாக்கைக் கொண்டு, அவருடைய முழங்கால் மூட்டை மாற்றினோம்.

சோதித்தபோது முழங்கால் 10 டிகிரிக்குக் கீழ் நீளவில்லை, 105 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. கால் வில்போல வெளிநோக்கி வளைந்திருந்தது. இந்த வளைவை வேரஸ் என்போம். நிற்கவைத்து இடுப்பிலிருந்து கணுக்கால்வரை எடுத்த நீள எக்ஸ்-ரேயில், இடுப்பு மூட்டின் மையம், முழங்காலின் மையம், கணுக்காலின் மையம் ஆகிய மூன்றையும் இணைக்கும் கோணம் 168 டிகிரி. நேரான கால் என்றால் 180. ஆக 12 டிகிரி வேரஸ். அதைப் பிரித்துப் பார்த்தால், தொடை எலும்பின் கீழ்முனைக் கோணம் 93 (சராசரி 87), கணைக்கால் எலும்பின் மேல்முனைக் கோணம் 84 (அதற்கும் சராசரி 87தான்), மூட்டு இடைவெளி வெளிப்பக்கம் திறந்துகொண்டதில் 3 டிகிரி. இரு எலும்புகளுக்கும் இடையிலான வித்தியாசம் 9, மூட்டில் 3, கூட்டினால் 12. கணக்கு ஒத்துவந்தது. இந்தக் கூட்டல் ஒத்துவராவிட்டால் அளந்ததில் எங்கோ பிழை என்று பொருள். ஒத்துவந்தாலும், படம் எடுத்தபோது கால் திரும்பியிருக்கலாம். நீட்ட முடியாத முழங்காலில் அது அடிக்கடி நடக்கும். அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு ஒரு டிகிரி, அரை டிகிரி என்று பேசுவதில் அர்த்தமில்லை.

ஏன் இந்த வழி

வழக்கமான முறையில் தொடை எலும்பின் கீழ்முனையில் துளையிட்டு, எலும்புக் குழலுக்குள் ஒரு நீளக் கம்பியைச் செலுத்துகிறோம். கம்பி காட்டுவது எலும்பின் சொந்த அச்சு. உடல் எடை இறங்கும் அச்சு அதுவல்ல. எடை அச்சு என்பது இடுப்பு மையத்திலிருந்து முழங்கால் மையத்துக்கு இறங்கும் கோடு. பெரும்பாலோருக்கு இரண்டுக்கும் இடையே 5 முதல் 7 டிகிரி வித்தியாசம் இருக்கும். அந்த எண்ணைக் கருவியில் திருகி வைத்துவிட்டு வெட்டினால் பெரும்பாலும் சரியாக வரும்.

இவருக்கு அந்த வித்தியாசம் 11 டிகிரி. அது போதாதென்று, தகட்டின் திருகாணிகள் எலும்புக் குழலைக் குறுக்கே அடைத்துக்கொண்டிருந்தன. கம்பி பாதி தூரம்கூடப் போகாது. தகட்டை எடுத்துவிடலாம் என்றால் தொடை நெடுக இன்னொரு கீறல் வேண்டும், தொற்று அபாயம் கூடும், திருகாணித் துளைகள் வழியாக எலும்பு மீண்டும் முறியலாம். கணினி வழிகாட்டி எங்களிடம் இருந்திருந்தால் அதையே எடுத்திருப்பேன். இத்தகைய காலுக்கு அதுவும் நல்ல வழி. இருந்தது தனியளவுக் கருவி.

இந்தக் கருவியின் தத்துவம் எளிது. ஸ்கேன் எடுத்து எலும்பின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் எழுப்புகிறார்கள். எங்கே, எந்தக் கோணத்தில் வெட்ட வேண்டும் என்பதைத் திரையிலேயே முடிவுசெய்கிறார்கள். அந்த எலும்பின் மேடுபள்ளங்களுக்கு எதிர்ப்பதிவாக ஒரு நைலான் பிளாக்கை முப்பரிமாண முறையில் அச்சிடுகிறார்கள். அது எலும்பில் ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தும். பொருந்தியதும் அதிலுள்ள துளைகள் வழியாக ஆணிகளை இறக்கினால் வெட்டும் கோணம் தானாக அமைந்துவிடும். ஜெர்மனியின் ஆகன் நகரில் கிளவுஸ் ராடர்மாகரும் அவருடைய குழுவினரும் 1990-களிலேயே இந்த யோசனையைச் செயல்படுத்திக் காட்டினார்கள். எலும்புக் குழலுக்குள் எதையும் செலுத்த வேண்டியதில்லை என்பதுதான் எங்களுக்கு இதில் பெரிய ஆறுதல்.

“ஒரே ஓர் இடத்தில்தான் பொருந்தும்” என்ற அந்த வாக்கியம் எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான் இந்த நிகழ்வு எனக்குக் காட்டியது.

ஸ்கேனும் திட்டமும்

எம்.ஆர்.ஐ., சி.டி. இரண்டிலிருந்தும் இந்தக் கருவியைச் செய்கிறார்கள். எம்.ஆர்.ஐ. குருத்தெலும்பைக் காட்டும், ஆகவே பிளாக் குருத்தெலும்பின்மேல் உட்காரும்படி வடிவமைக்கப்படும். சி.டி. எலும்பை மட்டுமே தெளிவாகக் காட்டும்; பிளாக்கின் பாதங்கள் (எலும்பின்மேல் உட்காரும் அதன் முனைகள்) தொடும் இடங்களில் குருத்தெலும்பை நாங்கள் சுரண்டி எடுத்து, வெற்று எலும்பின்மேல் உட்காரவைக்க வேண்டும். இந்த நோயாளியின் தொடையில் உலோகம் இருந்ததால் சி.டி.யைத் தேர்ந்தோம். தகடு முழங்காலிலிருந்து தொலைவில் இருந்தது. மூட்டுப் பகுதியின் படம் கெடவில்லை.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் ஒரே படுக்கையில், கால் அசையாமல் எடுக்க வேண்டும். முழங்காலை எடுத்துவிட்டுக் கணுக்காலுக்குப் போவதற்குள் பாதம் சற்றுத் திரும்பிவிட்டால், அந்தப் பிழை திட்டத்துக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும்; பிறகு எவ்வளவு நுட்பமாக அச்சிட்டாலும் அது போகாது. காலோடு ஒரு நேரான கம்பியைக் கட்டிவைத்து எடுக்கும் வழக்கம் உண்டு. படத்தில் கம்பி உடைந்தோ வளைந்தோ தெரிந்தால் கால் அசைந்துவிட்டது என்று அறிந்துகொள்ளலாம். அப்படியே செய்தோம்.

பொறியாளர் அனுப்பிய முதல் திட்டத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. கணைக்கால் எலும்பில் வெளிப்பக்கம் 10 மி.மீ. வெட்டுமாறு போட்டிருந்தார்கள், அதை 8 ஆகக் குறைத்தேன். தொடை எலும்பில் பொருத்தும் செயற்கை உறுப்பை ஓர் அளவு சிறிதாக்கினேன். முதல் திட்டம் மென்பொருளின் பொது விதிப்படி வருவது. அது ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. ஒப்புதல் பொத்தானை அழுத்துகிறவருக்குத்தான் பொறுப்பு.

இறுதித் திட்டம் இதுதான்: இரண்டு எலும்புகளையும் எடை அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுவது, தொடை எலும்பின் வெளிக்குமிழில் 9 மி.மீ., உட்குமிழில் 6.5 மி.மீ.; கணைக்கால் எலும்பில் வெளிப்பக்கம் 8, உட்பக்கம் 3; பின்சரிவு, அதாவது கணைக்கால் எலும்பின் வெட்டு பின்னோக்கிச் சாயும் கோணம், 3 டிகிரி. தொடை எலும்பில் சராசரி முழங்காலில் உட்பக்கம்தான் அதிகம் வெட்டுப்படும். இங்கே பழைய முறிவின் வளைவு அதைத் தலைகீழாக்கிவிட்டது. கண்பழக்கத்தால் வெட்டுகிற கை இங்கே தவறும்.

அறுவை அரங்கில்

மூட்டைத் திறந்ததும் உதவி மருத்துவரின் கை எலும்பு முட்களை (தேய்ந்த மூட்டின் ஓரங்களில் முளைக்கும் எலும்பு நீட்சிகளை) நறுக்கும் இடுக்கியை நோக்கிப் போனது. வழக்கமான அறுவையில் அதுதான் முதல் வேலை. தடுத்து நிறுத்தினேன். ஸ்கேனில் தெரிந்த முட்களின்மேல் பொருந்தும்படிதான் பிளாக் செய்யப்பட்டிருக்கிறது. முள்ளை எடுத்துவிட்டால் பிளாக்குக்கு முகவரி இல்லை.

தொடை எலும்பில் சிக்கல் இல்லை. பாதங்கள் தொடும் இடங்களைச் சுரண்டி, பிளாக்கை வைத்ததும் அது பிடித்துக்கொண்டது. வெட்டிய துண்டுகளைக் காலிப்பரால் அளந்தேன். ரம்பத்தின் தகடு 1.27 மி.மீ. தடிமன், அந்த அளவு எலும்பு தூளாகிப் போய்விடும். ஆக வெளிக்குமிழ்த் துண்டு 7.7, உட்குமிழ்த் துண்டு 5.2 மி.மீ. இருக்க வேண்டும். குருத்தெலும்பை நீக்கிவிட்டு அளந்தபோது 7.5, 5. இதற்குமேல் துல்லியம் கேட்க முடியாது.

அந்த நிம்மதியோடு கணைக்கால் எலும்புக்கு வந்தேன். உட்பக்கம் தேய்ந்து, பளபளவென்ற வெற்று எலும்பு. வெளிப்பக்கத்தில் குருத்தெலும்பு இன்னும் இருந்தது. ஆனால் உட்பக்கக் கீறல் வழியாக மூட்டைத் திறக்கும்போது, முழங்கால் சில்லும் அதன் கீழுள்ள கொழுப்புத் திண்டும் வெளிப்பக்கத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். சுரண்டினேன். சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். பிளாக்கை வைத்து அழுத்தினேன். அசைத்துப் பார்த்தேன், ஆடவில்லை. உதவி மருத்துவரும் அசைத்துப் பார்த்துவிட்டு, “நன்றாக உட்கார்ந்துவிட்டது சார்” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆணி இறக்கும் முன் பிளாக்கிலிருந்து கணுக்காலுக்கு ஒரு கம்பியைத் தொங்கவிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கம்பியின் நுனி கணுக்கால் மையத்தில் விழ வேண்டும். அந்த மையம் இரு கணுக்கால் எலும்புமொட்டுகளுக்கும் நட்ட நடுவில் இல்லை, சில மி.மீ. உட்பக்கம் தள்ளியிருக்கும். அறுவைக்கு முன்பே தோலில் அதைக் குறித்துவைத்திருந்தேன். நுனி அந்தக் குறியிலிருந்து 14 மி.மீ. வெளிப்பக்கம் விழுந்தது.

அவருடைய கணைக்கால் எலும்பின் நீளம் 340 மி.மீ. அந்த நீளத்தில் 14 மி.மீ. விலகல் என்பது ஏறத்தாழ 2.4 டிகிரி. திசையும் கெட்ட திசை: மறுபடியும் வேரஸ்.

அறுவைக்காக அனுப்பப்பட்ட நைலான் எலும்பு மாதிரியின்மேல் இன்னொருமுறை பிளாக்கை வைத்துப் பார்த்தேன். மாதிரியில் வெளிப்பக்கப் பாதம் எலும்போடு ஒட்டிக்கொண்டது. இடையில் வெளிச்சம் தெரியவில்லை. திரும்ப நோயாளியின் எலும்பில் வைத்து, சில்லை இன்னும் ஒதுக்கிப் பிடித்து, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தேன். வெளிப்பக்கப் பாதத்துக்கு அடியில், பின்பாதியில், வெண்ணிறமாக ஒரு பட்டை. நகக்கண் அகலம்தான் இருக்கும். சுரண்டி எடுத்துத் துணியில் வைத்து அளந்தேன்: 2 மி.மீ. தடிமனுள்ள குருத்தெலும்பு.

பாதத்துக்குப் பாதம் இருந்த தூரம் 48 மி.மீ. அதில் ஒரு பக்கம் 2 மி.மீ. உயர்ந்தால் கோணம் 2.4 டிகிரி சாயும். கம்பி சொன்ன அதே எண். பட்டையை எடுத்தபின் பிளாக்கை வைத்தேன். கம்பியின் நுனி குறியிலிருந்து 2 மி.மீ.க்குள் வந்து நின்றது. ஆணிகளை இறக்கினேன்.

ஆடாத பிளாக் ஏன் ஏமாற்றியது? நாற்காலிக்கு நான்கு கால். தரை மேடுபள்ளமானால் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, சாய்ந்த தரையிலும் உறுதியாக நிற்கும். கணைக்கால் எலும்பின் பிளாக்குக்கு உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முன்பக்க எலும்புச் சுவரில் ஒன்று என்று மூன்றே தொடுகைகள். ஒரு பாதத்துக்கு அடியில் 2 மி.மீ. சதையோ குருத்தெலும்போ இருந்தாலும் அது உறுதியாகவே நிற்கும், சாய்ந்து நிற்கும். கை உணர்வது உறுதியை. கோணத்தைக் கையால் உணர முடியாது. தொடை எலும்பின் குமிழ்கள் வளைந்து சுற்றியிருப்பதால் பிளாக்கைக் கவ்விக்கொள்கின்றன. கணைக்கால் எலும்பின் மேல்தளமோ ஏறக்குறைய தட்டை, கவ்விக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக் எலும்பைத்தான் அறியும், தசைநார்களை அறியாது. வளைவு மூட்டுக்கு வெளியே, தொடையின் நடுவில் இருக்க, அதை மூட்டுக்குள் வெட்டிச் சரிசெய்யும்போது கால் நீட்டிய நிலையில் வெளிப்பக்கம் தளரும், உட்பக்கம் இறுகும். எலும்பு முட்களை இப்போது எடுத்து, உட்பக்கத் தசைநாரைப் படிப்படியாகத் தளர்த்தி, பின்புற உறையையும் விடுவித்தபின் இருபுறமும் சமமாயிற்று. பின்புறச் சிலுவைத் தசைநாருக்கு மாற்றாக அமையும் வகை மூட்டை, எலும்புச் சிமெண்ட் கொண்டு பொருத்தினோம்.

அளந்து பார்த்ததில்

மூன்றாம் மாதம் எடுத்த நீள எக்ஸ்-ரேயில் கால் 179 டிகிரி. சி.டி.யில் தொடை உறுப்பு திட்டத்திலிருந்து அரை டிகிரி விலகல், கணைக்கால் உறுப்பும் அரை டிகிரி. தொடை உறுப்பின் சுழற்சியில் 1 டிகிரி வித்தியாசம். பின்சரிவு மட்டும் திட்டமிட்டது 3, கிடைத்தது 5.

அந்த 2 டிகிரியை மறைக்க விரும்பவில்லை. முன்பக்கப் பாதத்துக்கு அடியில் எலும்புறைச் சவ்வு மிஞ்சியிருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கம்பியை முன்னிருந்து மூன்றுமுறை பார்த்தேன். பக்கவாட்டிலிருந்து ஒருமுறை, அதுவும் அவசரமாக. முதல் பிழையைக் கண்டுபிடித்த திருப்தியில் இரண்டாவதைத் தேடாமல் விட்டுவிட்டேன். அவருக்கு இதனால் தீங்கு நேரவில்லை. ஆனாலும் அது என் கண்ணிலிருந்து தப்பிய பிழைதான்.

ஓராண்டு முடிவில் முழங்கால் முழுதாக நீள்கிறது, 115 டிகிரி மடங்குகிறது. கைத்தடி இல்லாமல் நடக்கிறார். படி இறங்கும்போது நேராக இறங்குவதைத் தாழ்வாரத்தில் நின்று நானே பார்த்தேன்.

துல்லியம் என்று எதைச் சொல்கிறோம்

1991-ல் ஜெஃப்ரி, மாரிஸ், டென்ஹாம் மூவரும் மாற்று மூட்டு பொருத்திய 115 முழங்கால்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வுதான் பல ஆண்டுகள் எங்களுக்கு வேதமாக இருந்தது. எடை அச்சு முழங்காலின் நடு மூன்றிலொரு பங்கில் விழுந்தவர்களில் 3 சதவீதம் பேருக்கு மூட்டு தளர்ந்தது. விலகி விழுந்தவர்களில் 24 சதவீதம் பேருக்கு. நேர்கோட்டிலிருந்து இருபுறமும் 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி இத்தகைய ஆய்வுகளால்தான் வேரூன்றியது. பிறகு 2010-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 398 முழங்கால்களை ஆராய்ந்து, அந்த 3 டிகிரி எல்லைக்குள் இருந்த மூட்டுகள் 15 ஆண்டுகளில் மற்றவற்றைவிட நீடித்து உழைக்கவில்லை என்றார்கள். 2012-ல் பெல்ஜிய மருத்துவர் பெல்லமன்ஸின் குழுவினர், நோயில்லாத இளம் ஆண்களில் 32 சதவீதம் பேருக்கும் பெண்களில் 17 சதவீதம் பேருக்கும் இயல்பிலேயே 3 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட வேரஸ் இருப்பதைக் காட்டினார்கள். அப்படியானால் 180 என்பதே எல்லோருக்கும் இலக்கா என்ற கேள்வி எழுந்தது. இன்றும் அது தீரவில்லை.

இலக்கு எதுவானாலும் அதை எட்டும் திறன் வேறு கேள்வி. தனியளவுக் கருவி பற்றிய சமவாய்ப்பு ஆய்வுகளை (நோயாளிகளைக் குலுக்கல்போலப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளை)த் தொகுத்துப் பார்த்தவர்கள், காலின் மொத்த நேர்கோட்டில் வழக்கமான கருவிக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்றே பெரும்பாலும் முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கணைக்கால் எலும்பு வெட்டில் இது வழக்கமான கருவியைவிடக் கூடுதலாகத் தவறியதாகவும் தொகுப்பாய்வு கண்டிருக்கிறது. முன்பெல்லாம் அதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த 2 மி.மீ. பட்டையைத் துணியில் வைத்துப் பார்த்தபிறகு வியப்பு இல்லை.

இந்தத் துறையில் வாக்குறுதி சான்றை முந்திக்கொண்டு ஓடிய வரலாறும் உண்டு. அமெரிக்காவின் ஓடிஸ்மெட் நிறுவனம் 2006 முதல் 2009 வரை, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி பெறாமலே 18,000-க்கும் மேற்பட்ட வெட்டு வழிகாட்டிகளை விற்றது. 2009 செப்டம்பரில் அனுமதி மறுக்கப்பட்டது. பாதுகாப்பும் பயனும் நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். அதற்குப் பிறகும் 218 வழிகாட்டிகளை அனுப்பிவைத்தார்கள். 2014 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 8 கோடி டாலர் கட்ட நேர்ந்தது. ஒவ்வொரு வழிகாட்டியும் ஒரு மனிதரின் முழங்காலுக்குப் போனது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். கருவியின் துல்லியத்தைக் கேட்டால் அச்சு இயந்திரத்தின் நுண்ணளவைச் சொல்கிறார்கள். அச்சிட்ட பிளாக்கில் குறையில்லை. இவருடைய பிளாக்கிலும் குறையில்லை. ஸ்கேன் எடுத்தபோது கால் அசைந்ததா, திட்டத்தை யார் பார்த்தார்கள், ஸ்கேனுக்கும் அறுவைக்கும் இடையே எத்தனை மாதம் ஓடி எலும்பு மாறியது, பாதம் எதன்மேல் உட்கார்ந்தது, ஆணி நேராக இறங்கியதா, ரம்பம் வளைந்ததா, சிமெண்ட் இருபுறமும் ஒரே தடிமனா என்ற இத்தனை கண்ணிகளில் அச்சிடுவது ஒன்றுதான். சி.டி. வழிக் கருவியில் மிகவும் பலவீனமான கண்ணி, பாதம் உட்காரும் இடம். அதைச் சோதிக்க வழி உண்டு: ஆணிக்கு முன் கம்பி, முன்னிருந்தும் பக்கவாட்டிலிருந்தும், வெட்டியபின் காலிப்பர். இரண்டும் சேர்த்து ஐந்து நிமிடம். நேரம் மிச்சமாகும் என்று விற்கப்படும் கருவியில் இந்த ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். வழக்கமான கருவிப் பெட்டியையும் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

இந்தப் பெண்மணிக்குத் தனியளவுக் கருவியைத் தேர்ந்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். கம்பி போகாத தொடை எலும்பில், 11 டிகிரி வித்தியாசமுள்ள அச்சை, எலும்புக் குழலைத் தொடாமல் அரை டிகிரிக்குள் பிடித்துக் கொடுத்தது அது.

சென்ற மாதம் வந்தபோது இடது முழங்காலும் வலிக்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். “டாக்டர், இதற்கும் அதே மாதிரி எனக்கென்று கருவி செய்து போடுவீர்களா?” என்று கேட்டார். படத்தை விளக்குப் பலகையில் வைத்துக் காட்டினேன். இடது தொடையில் முறிவு இல்லை, தகடு இல்லை; அச்சு வித்தியாசம் 6 டிகிரி. வழக்கமான கருவியே போதும் அம்மா என்றேன்.